எடையும் நடையும்

இந்த வாரம் நமக்கு வந்த கடிதங்களில் இரண்டு, ஒரே விஷயத்தைப் பற்றி எதிரும் புதிருமாகப் பேசுகின்றன. ஒன்று விழுப்புரத்திலிருந்து வந்தது, மற்றொன்று திண்டிவனத்திலிருந்து. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரந்தான். அந்தத் தூரம் பின்னால் நமக்கு ஒரு கணக்குக்குப் பயன்படப் போகிறது. நேயர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து எழுதியவர் ஒரு காரியாலயத்தில் உத்தியோகம் பார்ப்பவர். வயது 47, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதென்றும், தினந்தோறும் நடக்க வேண்டுமென்றும் வைத்தியர் சொல்லிவிட்டாராம். அன்று முதல் மூன்று மாத காலமாக விடியற்காலையில் எழுந்து, பனிக்கும் தெரு நாய்களுக்கும் அஞ்சாமல், அரை மணி நேரம் நடந்து வருகிறார். இந்த மூன்று மாதத்தில் குறைந்த எடை அரைக் கிலோ. "என் செருப்புத் தேய்ந்ததே தவிர நான் தேயவில்லை. நடந்தால் உடம்பு இளைக்கும் என்பது வெறுங் கதைதானே? அடுத்த மாதம் முதல் தேதியோடு நடையை நிறுத்திவிட உத்தேசம்" என்று முடித்திருக்கிறார்.

திண்டிவனத்திலிருந்து எழுதியவர் ஓர் அம்மையார். அவருடைய மூத்த குமாரிக்கு வயது 22, பட்டம் பெற்றவள். சென்ற மாதம் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரிய அம்மாள், படியிறங்கும் சமயத்தில், "பெண் லட்சணமாய்த்தான் இருக்கிறாள்; கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து அந்தப் பெண் காலையில் சர்க்கரை போடாத காபி, பகலில் அரை டம்ளர் மோர், இரவில் ஓர் இட்டிலி என்று நாளைக் கழிக்கிறாள். ஐந்து வாரத்தில் நாலு கிலோ குறைந்துவிட்டது. கூடவே தலைசுற்றலும் வந்துவிட்டது. "உடம்பு இளைக்க ஆகாரத்தைக் குறைப்பதுதான் வழியென்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்படி இன்னும் எத்தனை நாள் இருக்கலாம்?" என்று கேட்கிறார். பட்டினி தொடங்குமுன் பெண்ணின் எடை 54 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர் என்றும் எழுதியிருக்கிறார். விவரம் கொடுத்து எழுதிய தாய்க்கு நமது நன்றி. அந்த இரண்டு எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

நாம் வைத்தியர் அல்லோம், வாத்தியார். மருந்து சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஆனால் கணக்குப் போடத் தெரியும். வைத்திய சாஸ்திரிகள் ஆராய்ந்து வெளியிட்டவற்றைப் படித்துச் சொல்லவும் முடியும். ஆகவே கரும்பலகை முன் நின்று செய்யக்கூடியதை மட்டும் இங்கே செய்கிறோம்.

* * *

முதலில் விழுப்புரத்துக் கணக்கு.

உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஒரு கிலோ கரைய வேண்டுமானால், ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி செலவாகிறது. விழுப்புரத்தில் புறப்பட்டு, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு எல்லாவற்றையும் தாண்டித் திண்டிவனம் போய்ச் சேர்ந்தால் 40 கிலோமீட்டர். செலவு 2,000 கலோரி. மறுபடி விழுப்புரம் திரும்பினால் 4,000. இன்னொரு முறை போய் வந்தால் 8,000. அதாவது, ஒரே ஒரு கிலோக் கொழுப்பை நடையினால் மட்டும் கரைக்க விரும்புகிறவர், இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இரண்டு தடவை போய்த் திரும்ப வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வீதம் நடந்தாலும் 32 மணி நேரம்!

நம் கனவான் நடப்பது அரை மணி. அது இரண்டரைக் கிலோமீட்டர்; 125 கலோரி. இந்த விகிதத்தில் ஒரு கிலோ குறைய இரண்டு மாதம் செல்லும். மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்க வேண்டும்; அரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. மீதி ஒரு கிலோ எங்கே போயிற்று?

அதற்கும் விடை அவர் கடிதத்திலேயே கிடைக்கிறது. நடை முடிந்ததும் நண்பர்கள் நால்வரும் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வடையும் காபியும் சாப்பிட்டு, உலக விவகாரங்களைப் பேசித் தீர்த்துவிட்டு வீடு திரும்புகிறார்களாம். இதை அவர் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறார். நாம் அந்த வரியின் கீழே சிவப்பு மையினால் கோடு போட்டிருக்கிறோம். எண்ணெயில் பொரித்த ஓர் உளுந்து வடை சுமார் 100 கலோரி. ஹோட்டல் வடை பெரிதானால் அதற்கு மேலும் இருக்கும். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட பால் காபி இன்னொரு 100. வரவு 200, செலவு 125. இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு எடை ஏறாமல் அரைக் கிலோ இறங்கியிருக்கிறதே, அதுவே ஆச்சரியம். மற்ற வேளைகளில் அவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர் என்று தெரிகிறது.

ஒரு வடையை உண்ண இரண்டு நிமிஷம் போதும். அதை நடந்து தீர்க்க இரண்டு கிலோமீட்டர் வேண்டும். எடை இறங்கும் விஷயத்தில் ஆகாரத்துக்கும் அப்பியாசத்துக்கும் உள்ள பலவித்தியாசம் இதுதான். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4. ஒரு மேசைக் கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. வாயின் வழியே சுலபமாக வருவது, காலின் வழியே கஷ்டப்பட்டுத்தான் போகிறது.

இதைவிட வேடிக்கையான சங்கதி ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் டான்சானியா தேசத்தில் ஹட்ஸா என்ற வேடர் கூட்டத்தார் இருக்கிறார்கள். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் தினந்தோறும் பல மைல் நடக்கிறவர்கள். அவர்களுடைய உடம்பு நாளொன்றுக்கு எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று ஹெர்மன் பான்ட்ஸர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் அளந்து, 2012-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். உடம்பின் பருமனைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேல்நாட்டாரின் செலவும் அவர்களுடைய செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. உடம்பு ஒரு சிக்கனமான குடும்பத் தலைவியைப் போன்றது. ஒரு பக்கம் செலவு அதிகமானால், மற்றொரு பக்கத்தில் இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே நாம் மேலே போட்ட 7,700 கணக்கும் போகப் போகச் சற்றுத் தேய்ந்துதான் பலிக்கும்.

"பார்த்தீர்களா! நான் சொன்னது சரிதான், நடையினால் பயனில்லை" என்று விழுப்புரத்துக் கனவான் இந்த இடத்தில் பத்திரிகையை மடித்து வைத்துவிடக் கூடாது. அவருக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது.

* * *

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் என்னும் நீரிழிவு நிபுணரும் அவருடைய சகாக்களும் 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சி நடத்தி, அதன் முடிவை 2006-இல் வெளியிட்டார்கள். 35 முதல் 55 வயது வரையில் உள்ள 531 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் நம் விழுப்புரத்து நேயரைப் போல, சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றவர்கள். அவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான யோசனை மாத்திரம். ஒரு பிரிவுக்கு, தினம் அரை மணி நேரமாவது விரைந்து நடப்பதும், சர்க்கரை, மாவுப் பண்டம், எண்ணெய் இவற்றைக் குறைத்து நார்ச்சத்துள்ள ஆகாரம் உண்பதும். இன்னொரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும்.

மூன்று வருஷத்தில் என்ன ஆயிற்று? வெறும் யோசனை கேட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்து, ஆகாரத்தைத் திருத்தியவர்களில் வந்தது 100-க்கு 39 பேருக்குத்தான். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அதைவிட அதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய அதிசயம் வேறு. நடந்தவர்களின் எடை சொல்லத்தக்க அளவில் குறையவே இல்லை! அவர்களும் தராசில் ஏறிப் பார்த்து, "ஒன்றும் நடக்கவில்லையே" என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். தராசுக்குத் தெரியாமல் உடம்புக்குள்ளே நடக்க வேண்டியது நடந்துகொண்டிருந்தது. நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன; இன்ஸுலினின் சொல்லுக்கு அவை மறுபடியும் செவிசாய்க்கப் பழகுகின்றன. இரத்த அழுத்தமும் சற்று இறங்குகிறது, தூக்கமும் சீர்ப்படுகிறது. இவற்றில் ஒன்றையும் நிறுக்கத் தராசினால் இயலாது.

எடையும் சேர்ந்து குறைந்தால் லாபம் இன்னும் பெரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் நடந்த இதே மாதிரியான ஒரு பெரிய ஆராய்ச்சி 2002-இல் வெளியாயிற்று. அதில் நூற்றுக்கு ஏழு பங்கு எடை குறைப்பதும், வாரம் 150 நிமிஷம் அப்பியாசமும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வருவது அங்கே 100-க்கு 58 பங்கு தடுக்கப்பட்டது.

ஆகவே விழுப்புரத்து நேயருக்கு நாம் சொல்வது: முதல் தேதியன்று நிறுத்த வேண்டியது வடையைத்தான், நடையை அன்று. வடையையும் காபியில் உள்ள சர்க்கரையையும் விட்டால், நாளொன்றுக்கு 140 கலோரி மிச்சம். நடையின் 125-ஐச் சேர்த்தால் 265. ஆறு மாதத்தில் சுமார் ஆறு கிலோ என்று கணக்குச் சொல்லும். உடம்பின் சிக்கனத்துக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் நாலு கிலோ. 78 கிலோவில் நாலு கிலோ என்பது நூற்றுக்கு ஐந்து. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தணியத் தொடங்கும். நண்பர்களையும் உலக விவகாரங்களையும் விட வேண்டியதில்லை. சர்க்கரையில்லாத காபியோடும் பேசலாம்.

* * *

இனித் திண்டிவனம்.

அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் 'திண்டி' ஞாபகம் வருவது சகஜம். உண்மையில் அது திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் இன்று அந்தப் பெண்ணின் வீட்டில் திண்டியும் இல்லை, புளிக்குழம்பும் இல்லை, பட்டினிதான் இருக்கிறது.

ஒருவர் பருமனா, இல்லையா என்று பார்க்க ஒரு சூத்திரம் உண்டு. பெல்ஜிய தேசத்துக் கணித சாஸ்திரியான அடால்ஃப் கெத்தலே என்பவர் 1830-களில் கண்டுபிடித்தது. எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். இந்தியர்களுக்கு 23-க்குக் கீழே இருந்தால் அதிக எடை இல்லை. 23 முதல் 25 வரையில் அதிக எடை. 25-க்கு மேல் பருமன் என்று நம் நாட்டு நிபுணர்கள் 2009-இல் வகுத்தார்கள். மேல்நாட்டாருக்கு இந்த எல்லைகள் 25, 30 என்று இருக்கின்றன.

திண்டிவனத்துப் பெண்ணின் எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 54-ஐ 1.55-ஆல் இரண்டு தடவை வகுத்தால் 22.5 வருகிறது. பட்டினிக்கு முன்பே அந்தப் பெண்ணின் எடை சரியாக இருந்தது! குறைக்க வேண்டியது ஒரு கிலோக்கூட இல்லை. விழுப்புரத்துக் கனவானுக்கு இதே கணக்குப் போட்டால் 27.6. அவரைப் பார்த்து இதுவரை ஒருவரும் "பூசினாற்போல்" என்று சொல்லியிருக்கமாட்டார்கள். "ஆள் வாட்டசாட்டம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இளைக்க வேண்டியவருக்கு வடை. இளைக்க வேண்டாதவளுக்குப் பட்டினி! நம் சமூகத்தின் கண்ணுக்குத் தராசு வேண்டுமென்று தோன்றுகிறது.

பட்டினி கிடந்து வேகமாகக் குறையும் எடை முழுவதும் கொழுப்பு அன்று. அதில் கணிசமான பகுதி தசை. தொடக்கத்தில் வெறும் தண்ணீரும் உண்டு. தசை குறைந்தால் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரியும் குறைந்துபோகிறது. பிறகு பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் எடை திரும்பிவிடுகிறது. ஆனால் திரும்புவது பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது. தலைமுடி உதிர்வதும், மாதாந்தர ஒழுங்கு தவறுவதும், பித்தப்பையில் கல் சேர்வதும் இத்தகைய பட்டினியின் விளைவுகளாக வரக்கூடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறதென்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் ஓர் இளம்பெண் அரை டம்ளர் மோரில் பகலைக் கழிப்பது விபரீதம். தலைசுற்றல் உடம்பு எழுதியனுப்பிய புகார்க் கடிதம்.

"இன்னும் எத்தனை நாள் இப்படி இருக்கலாம்?" என்பது அம்மையாரின் கேள்வி. ஒரு நாளும் கூடாது என்பதே பதில். இன்றைக்கே அந்தக் குழந்தைக்கு வயிறாரச் சாதம் போடுங்கள், அம்மா. ஒரு டாக்டரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கண்டு பயப்படும் பழக்கம் அவளிடம் வேரூன்றியிருந்தால், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை பெண் பார்க்க வருகிறவர்கள் எடையைப் பற்றி வாய் திறந்தால், 22.5 என்ற எண்ணைச் சொல்லி, தங்கள் பிள்ளையின் எண் என்னவென்று மரியாதையாகக் கேளுங்கள்.

* * *

இந்த 22.5, 27.6 என்ற எண்களை மட்டும் நம்பியும் ஏமாறக் கூடாது. புனாவில் உள்ள டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்து தேசத்து டாக்டர் யூட்கின் ஆகிய இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004-இல் ஒரு பிரபல வைத்தியப் பத்திரிகையில் வந்தது. இருவருக்கும் மேற்சொன்ன சூத்திரப்படி ஒரே எண்: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்போ, ஆங்கிலேயருக்கு 100-க்கு 9.1, நம்மவருக்கு 21.2! பார்க்க மெல்லியவராய், வயிற்றுக்குள் கொழுப்பைப் பதுக்கி வைத்திருப்பது இந்திய உடம்பின் சுபாவம். ஆகையால் தையற்காரரின் நாடாவையும் துணைக்கு அழைக்க வேண்டும். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படக் கூடாது. வீட்டில் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க நாடா வரும்போது, வீட்டுத் தலைவரும் ஒரு முறை அளவு கொடுத்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டின் நிலைமையைச் சொல்லவும் இரண்டு எண்கள் போதும். மேலே குறிப்பிட்ட கணக்கெடுப்பின்படி, 25-க்கு மேற்பட்ட எண்ணுள்ள பெண்கள் நம் மாநிலத்தில் 100-க்கு 40.4, ஆண்கள் 37. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் பெண்கள் 24, ஆண்கள் 22.9தான். 2015-16-இல் எடுத்த முந்திய கணக்கில் நம் பெண்கள் 30.9 என்றிருந்தார்கள். ஐந்தே வருஷத்தில் பத்து ஏறியிருக்கிறது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் கவலை நேர் எதிராக இருந்தது. குன்னூரில் ஸர் ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர் 1920-களில் எலிகளுக்கு ஒவ்வொரு மாகாணத்து ஆகாரத்தையும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாபி உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான நம் சென்னை மாகாணத்து உணவு தின்ற எலிகள் சோனியாகிவிட்டன. அரிசி அதிகம், மற்றவை சொற்பம் என்பது அன்றைக்கு அவர் கண்ட குறை. இன்றைக்கும் குறை அதுவே. அன்று வயலிலும் வழியிலும் உழைத்த உடம்புக்கு அந்த ஆகாரம் போதாமல் இளைத்தோம். இன்று மோட்டார் சைக்கிளும், மாவரைக்கும் மின்சார யந்திரமும், மடியில் செல்பேசியும் வந்துவிட்ட பிறகு, அதே ஆகாரம் மிஞ்சிப் பருக்கிறோம்.

அந்தக் குன்னூர் ஆராய்ச்சிசாலைதான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், பின்பு தேசிய ஊட்டச்சத்து நிலையம் ஆயிற்று. அந்த நிலையத்தார் 2024-இல் வெளியிட்ட யோசனைப்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டிய ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு முதலியவை 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் தயிர் 300 மில்லி, கொட்டை வித்து வகை 35 கிராம், எண்ணெய் நெய் 27 கிராம்.

இதை நாலு பேருள்ள குடும்பத்தின் மளிகைக் கணக்காக மாற்றித் தருகிறோம். இட்டிலி தோசைக்கு உள்பட அரிசி முதலான தானியம் எல்லாம் சேர்ந்து மாதம் 30 கிலோ. எண்ணெய், நெய் எல்லாம் சேர்ந்து மூன்றரை லிட்டர். பருப்பு பத்துக் கிலோ. முட்டை, மீன் சாப்பிடுகிற வீடுகளில் அந்த அளவுக்குப் பருப்பைக் குறைத்துக்கொள்ளலாம். காய்கறி கீரை தினம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். நம் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து இந்த எண்களோடு ஒப்பிட்டால், எங்கே கைவைக்க வேண்டுமென்று அதுவே சொல்லிவிடும். பெரும்பாலான வீடுகளில் எண்ணெய் இரட்டிப்பாகவும், காய்கறி பாதியாகவும் இருக்கும் என்பது நமது ஊகம்.

வேர்க்கடலையை அறவே விட வேண்டுமா என்று அந்தப் பக்கத்து நேயர்கள் கேட்பார்கள். திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய 'டி.எம்.வி.' ரகங்கள் நாடெங்கும் விளைந்த கடலையல்லவா! வேண்டியதில்லை. அவித்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி நல்ல ஆகாரமே. புரதமும் உண்டு, பசியும் அடங்கும். ஆனால் ஒரு கைப்பிடிக்கே ஏறத்தாழ 170 கலோரி. ரயிலில் பொட்டலம் பொட்டலமாகத் தின்றுகொண்டே போனால், எழும்பூர் வருமுன் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு முடிந்துவிடும்.

* * *

அப்பியாசத்தைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் சொன்னது இது: வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரையில் மிதமான அப்பியாசம், இரண்டு நாளாவது தசைக்கு வலுக்கொடுக்கும் பயிற்சி. முதலாவதற்கு நடையே போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகமே மிதமான வேகம். பத்தாயிரம் அடி நடந்தாலன்றிப் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பத்தாயிரம், 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியொன்றை விற்பதற்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. ஏழாயிரம் அடியிலேயே பெரும்பாலான நன்மை கிடைத்துவிடுகிறதென்று 2025-இல் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பு காட்டுகிறது. தமிழக அரசாங்கமும் 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்து வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதவர்கள் பாதியில் திரும்பி வந்தால் யாரும் அபராதம் விதிப்பதில்லை. ஒன்று மட்டும்: பெரிய சாலையின் ஓரத்தில் இருட்டில் நடக்காதீர்கள். ஆரோக்கியத்துக்காகப் புறப்பட்டவர் லாரிக்கு இரையாவது நியாயமன்று.

தசைக்கு வலுவேற்ற, தண்டாலும் பஸ்கியும் நம் பாட்டனார் காலத்திலேயே இருந்தன. பெண்களும் வயதானவர்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடலாம். தண்ணீர் நிரப்பிய செம்பைத் தூக்கி இறக்கலாம். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் தண்டனையாக இருந்தது, நாற்பது வயதுக்கு மேல் மருந்தாகிறது. முழங்கால் வலியோ, இருதய நோயோ உள்ளவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

"நாள் முழுதும் வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?" என்பது நம் வீட்டுப் பெண்மணிகளின் கேள்வி. அது நிற்பதும் களைப்பதுமாக இருக்கிறதே தவிர, மூச்சை விரைவுபடுத்தும் நடையாக இல்லை. அவர்களுக்கு அப்பியாசத்தில் மனமில்லாமலில்லை, நேரமில்லை. இதற்குப் பரிகாரம் ஆண்களிடம் இருக்கிறது. காலை நடைக்கு ஒரு நாள் கணவரும், அடுத்த நாள் மனைவியும் போகட்டும். வீட்டிலிருப்பவர் அன்றைய காபியையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புறப்பாட்டையும் பார்த்துக்கொள்ளட்டும். சட்டினி அரைப்பதால் கௌரவம் குறைந்ததாக இதுவரை எங்கும் செய்தியில்லை.

கடைசியாக, குறைந்த எடை குறைந்தபடியே நிற்பது எப்படி? இங்கேதான் நடையின் முழுப் பெருமையும் வெளிப்படுகிறது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷமாவது ஏறாமல் காத்தவர்களே அதில் சேரலாம். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் தினம் சராசரி ஒரு மணி நேரம் அப்பியாசம் செய்கிறவர்கள். இப்போது எடை குறைக்கும் புது ஊசிகளும் வந்திருக்கின்றன. பருமன் வியாதியாகவே ஆகிவிட்டவர்களுக்கு, வைத்தியர் கொடுத்தால், அவை பெரிய உதவிதான். ஆனால் அவற்றில் செமாகுளுடைட் என்பதை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ஒரே வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கும் சாப்பாட்டுத் தட்டைத் திருத்துவதிலிருந்தும் தெருவில் இறங்கி நடப்பதிலிருந்தும் விலக்கு இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், எடையை இறக்குவது பெரும்பாலும் ஆகாரம். இறங்கியதை ஏறவிடாமல் காப்பதும், இறங்காவிட்டாலும் நோயைத் தள்ளி வைப்பதும் அப்பியாசம். இரண்டையும் தொடங்குமுன், தொடங்க வேண்டிய அவசியம் உண்டா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அறிவு. எடை, உயரம், இடுப்பளவு மூன்றையும் வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளட்டும். கணக்கில் தகராறு வந்தால் நமக்கு எழுதலாம்; திருத்தி அனுப்புகிறோம்.